பள்ளிக்கூட வாசலில் விற்ற புகையிலையும் நான் ஏறி இறங்கிய படிகளும்

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் புகையிலை போடுகிறான் என்று தெரிந்தால் பெற்றவர்கள் முதலில் எந்த வாசலுக்குப் போக வேண்டும்? பள்ளிக்கா, காவல் நிலையத்துக்கா, மருத்துவமனைக்கா? இதைச் சொல்வதற்கு எனக்கு ஆள் இருக்கவில்லை. கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் மாமியார் மட்டும் துணை. சென்ற ஆண்டு ஆடியில் தொடங்கிய அலைச்சல் பங்குனி வரை ஓயவில்லை. அரைநாள் விடுப்பு, முழுநாள் விடுப்பு என்று சம்பளத்தில் பிடித்தம் போனது ஒரு பக்கம், தனியார் மையம் ஒன்றில் முன்பணமாகக் கட்டித் திரும்பி வராமல் போன 18,000 ரூபாய் மறுபக்கம். சொந்தக்காரர்களிடம் வாய் திறக்க முடியாத அவமானத்துக்குக் கணக்கு எழுத முடியாது. இதே நிலையில் தனியாக நிற்கும் இன்னொரு தாய்க்கோ தந்தைக்கோ ஒரு மாத அலைச்சலாவது குறையட்டும் என்பதற்காக, நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில்தான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. என் மகன் தட்டுவடை செட் என்றால் இரண்டு தட்டு முடித்துவிட்டு மூன்றாவதற்குக் கை நீட்டுகிறவன். அன்று கடைக்காரரிடம், "காரச் சட்னி வேண்டாங்கண்ணா, வெறும் கேரட் பீட்ரூட் மட்டும் வெச்சுக் குடுங்க" என்றான். பிறகு வீட்டில் ரசம்கூட எரிகிறது என்றான். வாய்ப்புண் என்று நினைத்து மணத்தக்காளிக் கீரை செய்து கொடுத்தேன். துணி துவைக்கும்போது அவனுடைய கால்சட்டைப் பையிலிருந்து, ஈரத்தில் ஊறிப் பழுப்பேறிய, விரல்நுனி அளவுத் தலையணை போன்ற ஒரு பொட்டலம் உதிர்ந்தது. முகர்ந்தால் புதினா வாசனை. மிட்டாயா, வாய் மணக்கப் போடும் ஏதாவதா என்று எனக்கு விளங்கவில்லை. மண்டியில் மூட்டை தூக்கும் தம்பி ஒருவரிடம் காட்டியபோது ஒரு நொடிகூட யோசிக்காமல், "இது 'கூல்'ங்கக்கா, உதட்டுக்கடியில வெக்கறது, உள்ள இருக்கறது பொகையில" என்றார். அந்தப் பகல் முழுவதும் நான் எழுதிய பேரேட்டில் ஒரு கூட்டல்கூடச் சரியாக வரவில்லை.

மறுநாள் வேறு காரணம் சொல்லி அவனைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அந்த இளம் மருத்துவர் கையுறை போட்ட விரலால் கீழ் உதட்டை மடித்துக் கீழே இழுத்து, சிறு கண்ணாடியைப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். ஈறும் உதடும் சேரும் பள்ளத்தில், தண்ணீரில் வெகுநேரம் ஊறிய விரல் போல வெளுத்துச் சுருங்கிய ஒரு திட்டு இருந்தது. அதை ஒட்டிய இரண்டு பற்களின் ஈறு கொஞ்சம் இறங்கியிருந்தது. பொட்டலத்தை வழக்கமாக எங்கே அடக்குகிறார்களோ அங்கேதான் இது வரும் என்றும், புகையிலையில் இருந்து அடிமையாக்கும் நிகோட்டின் வாயின் மென்தோல் வழியாகவே நேராக இரத்தத்தில் கலந்துவிடுவதால் பொட்டலத்தை விழுங்க வேண்டிய தேவையே இல்லை என்றும், பழக்கத்தை நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் இந்தத் திட்டு மறையும், மறையாவிட்டால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். பிள்ளைக்குத் திடீரென்று காரம் ஒத்துக்கொள்ளாமல் போனாலும், காரணமில்லாமல் புதினா வாசனை வந்தாலும், அடிக்கடி வாய் கொப்பளித்தாலும், பேசும்போது கீழ் உதட்டை அசைக்காமல் பேசினாலும், திட்டுவதற்கு முன்பு ஒரு பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சிகரெட் என்றால் சட்டையில் நாற்றம் வரும், விரலில் கறை இருக்கும். இதில் அப்படி எந்தத் தடயமும் இல்லை. ஆசிரியர் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம் என்று என் மகனே பின்னர் சொன்னான்.

அவன் அழுதுகொண்டே சொன்னவை எனக்குப் பல இரவுகள் தூக்கத்தைக் கெடுத்தன. கபடிப் பயிற்சிக்கு வரும் பெரிய வகுப்பு மாணவன் ஒருவன் "களைப்புத் தெரியாது" என்று கொடுத்திருக்கிறான். முதல் தடவை தலை சுற்றி வாந்தி வந்திருக்கிறது. பிறகு பழகிவிட்டது. பள்ளிக்கு அருகே நோட்டுப் புத்தகமும் மிட்டாயும் விற்கும் கடையில், கடலை மிட்டாய் பாட்டிலுக்குப் பின்னால் இருந்து எடுத்துக் கொடுப்பார்களாம். இந்தப் பொட்டலங்கள் அடங்கிய ஒரு பாக்கெட் 40 ரூபாய், நான்கு பேர் பத்துப் பத்தாகப் போட்டு வாங்கிப் பகிர்ந்துகொள்வார்களாம். காசு இல்லாத பிள்ளைகளுக்குக் கடைக்காரர் கணக்கில் எழுதிக்கொள்வார் என்று கேட்டபோதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது. எந்த வணிகர் கடன் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார் என்பது தினமும் பேரேடு எழுதுகிற எனக்கு நன்றாகத் தெரியும். சிகரெட்டையும் அந்தக் கடையில் ஒற்றை ஒற்றையாகவே விற்றார்கள். பெட்டியின் முகப்புப் பரப்பில் 85 சதவீதத்துக்கு எச்சரிக்கைப் படமும் வாசகமும் போட வேண்டும் என்று 2016 முதல் விதி இருக்கிறது. ஆனால் உதிரியாக வாங்கும் பிள்ளை அந்தப் பெட்டியைப் பார்ப்பதே இல்லை.

நான் முதலில் போனது பள்ளிக்கு. பள்ளியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நிர்வாகத்தில் இருந்தவர் நான் சொன்னதை முழுவதும் கேட்காமலேயே, "உங்க பையன் போடறான்னு நீங்களே சொல்றீங்க, மத்த பசங்களைக் கெடுக்கறதுக்கு முன்னாடி டிசி வாங்கிட்டுப் போயிடுங்கம்மா" என்றார். கடையைப் பற்றிப் பேசப் போன இடத்தில் என் பிள்ளை குற்றவாளி ஆகிவிட்டான். வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றேன். பிறகு தெரிந்துகொண்டது இது: புகையிலை இல்லாக் கல்வி நிறுவனங்களுக்கென்று ஒன்றிய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. வளாகத்துக்குள்ளும் நுழைவாயிலிலும் அறிவிப்புப் பலகை வைப்பது, கண்காணிப்புக்கு ஓர் ஆசிரியரையும் மாணவர்களையும் பொறுப்பாளர்களாக நியமிப்பது, பள்ளியைச் சுற்றிப் புகையிலை விற்கக் கூடாத 100 கஜ (சுமார் 91 மீட்டர்) எல்லையை மஞ்சள் கோட்டால் குறிப்பது ஆகியவை பள்ளியின் பொறுப்பில் வருகின்றன. ஆகவே பள்ளிக்குப் போகிறவர்கள் உங்கள் பிள்ளையின் கதையோடு போக வேண்டாம். "அறிவிப்புப் பலகை எங்கே, பொறுப்பு ஆசிரியர் யார், மஞ்சள் கோடு போட்டிருக்கிறீர்களா" என்று இரண்டு மூன்று பெற்றோர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் அவராகிவிடுகிறார். பிள்ளையின் சிகிச்சை வேறு, கடை மீதான புகார் வேறு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால் பிள்ளைதான் அடிபடுவான்.

அடுத்து கடைக்காரரிடமே நேரில் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. "ஏங்கக்கா, நான் மட்டுமா விக்கறேன்? கோர்ட்டே தடையை எடுத்துட்டாங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்ததால் எனக்கு அப்போது பதில் சொல்ல வரவில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா வகைகளுக்கு 2013 மே மாதம் தடை வந்தது, ஆண்டுதோறும் அது நீட்டிக்கப்பட்டது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிக்கையை இரத்து செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது, அதனால் பொருள் மீதான தடை மறுபடியும் உயிர் பெற்றது. முதல் செய்தி கடை வரைக்கும் வந்து சேர்ந்தது, இரண்டாவது செய்தி வந்து சேரவில்லை, அல்லது வந்தும் சொல்ல மனமில்லை. 2024இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே, உதட்டில் அடக்கும் இந்த வகைப் பொட்டலத்துக்கு மாணவர்கள் அடிமையாவதைக் குறிப்பிட்டு, இதை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக் கூடாது என்று ஒன்றிய அரசிடம் கேட்டிருக்கிறது. கடைக்காரர்களோடு வாதம் செய்வதில் பயனில்லை, ஆனால் செய்வதென்றால் இந்த ஆண்டுகளைத் தெரிந்துகொண்டு போங்கள்.

காவல் நிலையத்தில் வாய்மொழியாகச் சொன்னேன். காவலர் ஒருவர் வந்தார், கடைக்கு 200 ரூபாய் அபராதம் போட்டார், சாயங்காலம் கடை வழக்கம்போல் நடந்தது. ஐந்து பாக்கெட் விற்றால் வரும் காசு அது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் சட்டமே கேலிக்கூத்து என்று தோன்றியது. மண்டிக்கு வரி வேலையாக வரும் வழக்கறிஞர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. அவர் ஒரு சிட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்ததை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஒரே பொட்டலத்தின் மீது மூன்று சட்டங்கள் இருக்கின்றன, மூன்றுக்கும் வாசல் வேறு. முதலாவது 2003ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம். அதன் 6ஆம் பிரிவு, 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்றும், கல்வி நிறுவனத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் யாருக்கும் விற்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் தண்டனை 200 ரூபாய் வரை அபராதம் மட்டுமே. எனக்கு நடந்தது இதுதான். இரண்டாவது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம். வாயில் மெல்லுவதும் அடக்குவதுமான புகையிலைப் பொருட்கள் இதன் கீழ்த் தடை செய்யப்பட்டவை. இதற்குப் போக வேண்டிய இடம் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலர். முதல் முறை பிடிபட்டால் 25,000 ரூபாய் அபராதமும் 15 நாள் கடையடைப்பும், இரண்டாம் முறை 50,000 ரூபாயும் 30 நாளும் என்று இத்துறை நடவடிக்கை எடுக்கிறது. மூன்றாவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மருத்துவர் சொல்லாமல் ஒரு குழந்தைக்குப் புகையிலைப் பொருளைக் கொடுப்பவருக்கோ கொடுக்கச் செய்பவருக்கோ 77ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. இதற்குப் போக வேண்டிய இடம் காவல் நிலையம். சிகரெட், பீடி உணவில் சேராதவை. அவற்றுக்கு இரண்டாவது வாசல் திறக்காது, முதலாவதும் மூன்றாவதும்தான். மின்சிகரெட் என்றால் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதன் விற்பனையே முழுக் குற்றம், நேராகக் காவல் நிலையம்தான். வாய்மொழியாக "கடையில் புகையிலை விற்கிறார்கள்" என்று சொன்னால் அவர்கள் கையில் எது எளிதோ அந்தப் பிரிவில் முடித்துவிடுவார்கள். நாம் எந்தப் பிரிவில் நடவடிக்கை கேட்கிறோம் என்பதை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

100 கஜம் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கடைக்காரர் தன் கடை பள்ளியிலிருந்து "தெரு முக்குத் திரும்பி, கோயிலைத் தாண்டி" இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கால்நடையாக அளந்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் விதிப்படி, பள்ளியின் சுற்றுச்சுவர் அல்லது வேலியின் வெளிப்புறத்திலிருந்து எல்லாப் பக்கமும் நேர்கோட்டில் அளக்க வேண்டும். நான் கைப்பேசி வரைபடத்தில் சுற்றுச்சுவரின் பின்மூலையில் ஒரு புள்ளியும் கடையின் மீது ஒரு புள்ளியும் வைத்து அளந்தேன். கடை, 91 மீட்டர் எல்லைக்கு நன்றாக உள்ளேயே இருந்தது. அந்தக் கைப்பேசித் திரையைப் படம்பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) அச்செடுத்து மனுவோடு இணைத்தேன். வாசலிலிருந்து வாசலுக்கு அளந்து, கடை தூரம்தான் என்று விட்டுவிடாதீர்கள்.

மனுவைத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கினேன். பிரதியை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் தனியே கொடுத்தேன். 'முதல்வரின் முகவரி' என்ற அரசுக் குறைதீர்ப்புத் துறைக்கு 1100 என்ற எண்ணில் பேசியும் பதிவு செய்யலாம். எந்த வழியானாலும் பதிவு எண் கையில் இருக்க வேண்டும், அது இல்லாத மனு வெறும் பேச்சு. கடையின் பெயர்ப்பலகை தெரியும் படம், தெருப்பெயர், பிள்ளைகள் கூட்டமாக வரும் நேரம், பொட்டலம் ஒளித்து வைக்கும் இடம் இவற்றை எழுதினேன். அந்தக் கடலை மிட்டாய் பாட்டிலைக் குறிப்பிட்டதுதான் உதவியது என்று ஆய்வுக்கு வந்த அலுவலர் பின்னர் சொன்னார், வழக்கமாக மேல்தட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவார்களாம். ஆதாரத்துக்காக உங்கள் பிள்ளையையே அனுப்பி வாங்கச் சொல்லாதீர்கள், விட நினைக்கிற பிள்ளையின் கையில் பொட்டலத்தை நாமே கொடுத்தது போலாகிவிடும். புகார்தாரர் பெயரை வெளியிட வேண்டாம் என்று மனுவில் எழுதிவிடுங்கள். எழுதியும் என் பெயர் எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது. சில நாள் அந்த வழியே போகும்போது பேச்சு நின்றுவிடும். கடைக்காரரின் மனைவி என்னிடம் வந்து, "எங்களுக்கும் ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க" என்றார். அதனால்தான் செய்தேன் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

இதற்கு இடையில்தான் 18,000 ரூபாய் போனது. இணையத்தில் தேடிப் பிடித்த ஒரு தனியார் போதை மீட்பு மையத்தில், பையனை மூன்று மாதம் தங்க வைத்தால்தான் சரியாகும், இடம் குறைவு, இன்றே முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். பயத்தில் கட்டினேன். சேர்க்கும் நாளில் உள்ளே எட்டிப் பார்த்தால், மதுவுக்காகச் சேர்க்கப்பட்ட நாற்பது ஐம்பது வயது ஆண்கள் இருந்த கூடத்தில்தான் என் பதினான்கு வயதுப் பிள்ளைக்கும் பாய். நான் உடன் தங்கவும் அனுமதி இல்லை என்றார்கள். மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது பதிவுக் கட்டணம் திரும்பாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 87ஆம் பிரிவில், 18 வயதுக்குக் குறைந்தவரை உள்நோயாளியாகச் சேர்க்கும் முன்பு மனநல மருத்துவர் உள்ளிட்ட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், பெரியவர்களிடமிருந்து பிரித்துத் தங்க வைக்க வேண்டும், தங்கும் நாள் முழுவதும் பெற்றோரோ உரிய துணையோ உடனிருக்க வேண்டும் என்று இருக்கிறது. இப்படிப்பட்ட மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் பையைத் திறக்காதீர்கள்.

உண்மையில் எங்களுக்கு உதவியது, காசு வாங்காத இரண்டு இடங்கள். ஒன்று, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்கே மருத்துவர் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு மகனிடம் தனியாகப் பேசினார். அவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பொட்டலம் வைப்பாய்" என்பதாம். எழுந்த அரைமணி நேரத்துக்குள் தேவைப்பட்டால் பிடி இறுகிவிட்டது என்று பொருள். என் மகனுக்கு மதியம்தான் தேவைப்பட்டது, எனவே மருந்தில்லாமலே முயலலாம் என்றார். நிகோட்டின் கலந்த மெல்லும் பசை மருந்துக்கடையில் கிடைக்கிறது என்பதற்காக, மருத்துவர் சொல்லாமல் சிறுவர்களுக்கு வாங்கிக் கொடுக்கக் கூடாது என்றும் எச்சரித்தார். இன்னொன்று, 1800-11-2356 என்ற கட்டணமில்லாத தொலைபேசி எண். புகையிலைப் பொட்டலங்களின் மீதே அது அச்சிட்டிருக்கிறது. தமிழில் பேசுகிறார்கள். விடும் நாளை அவனையே குறிக்கச் சொன்னார்கள், பிறகு அவர்களாகவே திரும்ப அழைத்து விசாரித்தார்கள். அம்மா கேட்டால் பொய் சொல்லும் பிள்ளை, முகம் தெரியாத ஓர் அண்ணனிடம் உண்மையைச் சொன்னான். என் பிள்ளை மட்டும்தான் இப்படி என்று நான் குன்றிப் போயிருந்தேன். 2019ஆம் ஆண்டு இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையிலான பள்ளி மாணவர்களிடம் எடுத்த கணக்கெடுப்பில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் புகையிலை பயன்படுத்துவதாகத் தெரியவந்தது என்று அங்கே சொன்னபோது, அந்த எண் எனக்கு அதிர்ச்சியாக இருந்ததைவிட ஆறுதலாக இருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

விடும் நாளுக்கு அரையாண்டுத் தேர்வு விடுமுறையைத் தேர்ந்தெடுத்தோம். என் அண்ணன் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறார். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போய்விட்டால் கடையும் கூட்டாளிகளும் கீழேயே நின்றுவிடுவார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஏரிப் பக்கம் ஒரு பெட்டிக்கடையில் அதே பொட்டலம் இருந்தது. ஊரை மாற்றினால் பழக்கம் விட்டுப் போகும் என்று நினைப்பவர்கள் அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். முதல் இரண்டு மூன்று நாள்கள்தான் கொடுமை. தலைவலி, தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவது, கேட்டுக் கேட்டுச் சாப்பிடுவது. ஒருநாள் இரவு என்னை அவன் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். அது நிகோட்டின் இறங்கும் வேகம், பிள்ளையின் குணம் அல்ல என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேகம் குறைய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஒவ்வொரு முறை ஆசை எழும்போதும் அது சில நிமிடங்களுக்குமேல் நிற்பதில்லை, அந்த நிமிடங்களைத் தள்ளிவிடுவதுதான் வேலை. பகலில் மாமன் அவனைப் பழம் பறிக்கும் ஆள்களோடு அனுப்பினார். இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு சிவந்த பழத்தை மட்டும் உருவ வேண்டும், காய் சேர்ந்தால் மேஸ்திரி திட்டுவார், விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டும். கை வேலையாக இருந்த நேரத்தில் ஆசை எழவில்லை என்றும், பத்து மணித் தேநீர் குடித்து முடித்ததும்தான் எழுந்தது என்றும் அவனே கண்டுபிடித்துச் சொன்னான். அதன்பின் தேநீருக்குப் பதில் சுக்குத் தண்ணீர் கொடுத்தோம். எந்த நேரம், எந்த இடம், யாருடைய கூட்டு என்று பிள்ளை தானே குறித்துக்கொள்வது, நாம் கொடுக்கும் நூறு புத்திமதிகளைவிட உபயோகமானது.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மாமியார் ஐம்பது வருடமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். "பாட்டி போட்டா வழக்கம், நான் போட்டா தப்பா?" என்று மகன் கேட்டபோது வீட்டில் யாருக்கும் பதில் இல்லை. மாமியார் அன்று ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வெற்றிலைப் பெட்டியைப் பேரன் கண்ணில் படாமல் வைத்திருக்கிறார், முழுதாக விடவில்லை. பெரியவர்களைத் திருத்திவிட்டுத்தான் பிள்ளையைத் திருத்த முடியும் என்று காத்திருந்தால் காலம் ஓடிவிடும். கண்ணெதிரே வேண்டாம் என்ற அளவுக்காவது ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். என் அண்ணனும் அந்த விடுமுறை முழுவதும் பீடியை வீட்டுக்கு வெளியேயே வைத்துக்கொண்டார்.

ஆண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் மகன் மறுபடியும் ஒரு பொட்டலம் வைத்துவிட்டான். அன்று மாலையே என்னிடம் வந்து சொன்னான். நான் கத்தவில்லை, தொலைபேசி எண்ணை எடுத்து நீட்டினேன். ஒரு சறுக்கலுக்கு அடி கொடுத்தால் அடுத்த சறுக்கலை மறைக்கத்தான் கற்றுக்கொள்வான் என்று மனநல மருத்துவர் சொல்லியிருந்தார். உதட்டுத் திட்டு மறைந்துவிட்டது. இறங்கிய ஈறு இறங்கியதுதான், அது தானாக ஏறாது என்று பல் மருத்துவர் சொல்கிறார்.

கடை விவகாரம் இன்னும் முடியவில்லை. உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் பொட்டலங்களைக் கைப்பற்றி, அபராதம் விதித்து, 15 நாள் கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். திறந்தபின் கடைக்காரர் அடுத்த தெருவுக்கு மாறிவிட்டார். புதிய இடம் 100 கஜத்துக்கு வெளியே இருக்கிறது. கூல் விற்பதாகத் தெரியவில்லை, ஆனால் சீருடைப் பிள்ளைகளுக்கு உதிரிச் சிகரெட் விற்பதை நானே பார்த்தேன். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பது குற்றம் என்று 60க்கு 30 சென்டிமீட்டர் அளவில் வைக்க வேண்டிய பலகையும் அங்கே இல்லை. தூரத்தைப் பற்றி எழுதினால் இந்த முறை மனு தள்ளுபடியாகிவிடும் என்பதால், பலகை இல்லாததையும் 77ஆம் பிரிவையும் மட்டும் எழுதி, பெற்றோர் சிலரிடம் கையெழுத்து வாங்கி, சென்ற திங்கட்கிழமை கொடுத்திருக்கிறேன்.